கல் மங்கினால் முதுகைப் பாருங்கள்: பட்டைக் கண்ணாடிக் கற்களின் கோளாறுகளும் தீர்வுகளும்

நவராத்திரி நெருங்கும் நாள்களில் நாகர்கோவில் வடசேரி, தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் நடன நகையும் உடையும் பழுதுபார்ப்பவர்களுக்கு ஓய்வே இருக்காது. களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரத்திலிருந்தும் ராக்கொடி, நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், கல் ஒட்டிய ரவிக்கை என்று பை பையாக வந்து சேரும். கொண்டுவருபவர்கள் சொல்லும் குறையும் ஏறத்தாழ ஒன்றுதான்: “கல் மங்கிவிட்டது அக்கா, எவ்வளவு துடைத்தாலும் பளபளப்பு வரவில்லை.” அவர்கள் துடைத்தது கல்லின் முகத்தை. கோளாறு பெரும்பாலும் முதுகில் இருக்கிறது.

இதற்குக் காரணம் கண்ணாடியின் இயல்பு. பட்டை தீட்டிய வைரத்துக்குள் புகுந்த ஒளி அடிப்பட்டைகளில் பட்டு, மீண்டும் மேல்நோக்கியே திரும்பிவிடும். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42, ஏறக்குறைய 24 டிகிரியைவிடச் சாய்வாக அடிப்பட்டையில் விழும் ஒளி வெளியேற முடியாது. சாதாரணக் கண்ணாடிக்கு அந்த எண் 1.52 மட்டுமே, 41 டிகிரிக்கும் குறைவாகச் சாய்ந்து விழும் ஒளியெல்லாம் பின்புறமாக ஒழுகிப் போய்விடும். அதனால்தான் நகைக்கும் துணிக்கும் வரும் கண்ணாடிக் கற்களின் முதுகில் வெள்ளிப் பூச்சு ஏற்றுகிறார்கள். முன்னால் நாம் காணும் மினுக்கத்தில் பெரும்பகுதி அந்தப் பூச்சு திருப்பி அனுப்பும் ஒளிதான். ஆகவே எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் கல்லைத் திருப்பிப் பாருங்கள்.

தொடங்குமுன்: கையில் இருப்பது என்ன?

மருந்து பொருளுக்குப் பொருள் மாறும். கண்ணாடிக்குப் பொருந்தும் கரைப்பான் அக்ரிலிக்கை உருக்கிவிடும். கல்லைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணாடி சில்லென்று இருக்கும். அக்ரிலிக்கும் ரெசினும் அவ்வளவு குளிராது. பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பட்டைகள் கூடும் விளிம்பைப் பாருங்கள். இதில்தான் கல் எப்படிச் செய்யப்பட்டது என்ற கதை முழுவதும் எழுதியிருக்கிறது.

இன்றைய செக் குடியரசில் உள்ள பொஹிமியாவின் யாப்லோனெட்ஸ் வட்டாரத்தில் தலைமுறைகளாகச் செய்துவரும் முறையில், கண்ணாடிக் கம்பியின் நுனியைச் சூட்டில் இளக்கி, அச்சில் அழுத்தி முதல் உருவம் எடுக்கிறார்கள். அச்சிலிருந்து வந்த பட்டையின் விளிம்பு எப்போதும் சற்று மழுங்கியிருக்கும். அதைச் சாணை பிடித்து, மிக நுண்ணிய பொடியால் மெருகேற்றினால்தான் விளிம்பு கத்தி போல் கூராகும். இந்த வேலையைக் கையிலிருந்து இயந்திரத்துக்கு மாற்றியவர் அதே மண்ணில் 1862-இல் பிறந்த டேனியல் ஸ்வரோவ்ஸ்கி. பட்டை தீட்டும் இயந்திரத்துக்கு 1892-இல் காப்புரிமை கேட்டார். 1895-இல் ஆற்றுநீரின் விசையை நம்பி ஆஸ்திரியாவின் வாட்டன்ஸ் ஊருக்குப் போய்த் தொழிற்சாலை தொடங்கினார். ஒரே அளவில், ஒரே கோணத்தில் ஆயிரக்கணக்கான கற்கள் கிடைக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். உங்கள் கல்லின் விளிம்பு மழுங்கி, பக்கவாட்டில் அச்சுக் கோடும் தெரிந்தால் அது அழுத்தி எடுத்ததோடு நிறுத்தப்பட்ட கல். அதைத் துடைத்துத் துடைத்து மின்னவைக்க முடியாது. இல்லாத மினுக்கம் எங்கிருந்து வரும்? விலை குறைவாகக் கிடைத்த கல்லைப் பற்றிய புகார்களில் பலவும் இந்த வகைதான்.

மூன்றாவதாக, முதுகில் பூச்சு இருக்கிறதா, வெறும் கண்ணாடியா என்று பாருங்கள். இந்த விடையைப் பொறுத்துத்தான் கீழே உள்ளவை எல்லாம் அமையும்.

அறிகுறி: கல் கறுத்துவிட்டது, அல்லது கரும்புள்ளி விழுந்திருக்கிறது

குமரி மாவட்டத்தில் அதிகம் வரும் கோளாறு இதுவே. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மண் இது. குளச்சல், முட்டம் போன்ற கரையோர ஊர்களில் காற்றில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. கல்லின் முதுகில் உள்ளது ஒரே பூச்சு அல்ல. முதலில் வெள்ளி, அதைக் காக்கச் செம்பு, அதற்கும் மேலே அரக்கு போன்ற ஒரு வார்னிஷ். அந்த வார்னிஷில் ஊசிமுனை அளவு கீறல் விழுந்தாலும் வியர்வை உள்ளே நுழையும். செம்பு பச்சையாகும், வெள்ளி கறுக்கும்.

கறுப்பு எங்கே இருக்கிறது என்பதை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். விளிம்பைச் சுற்றி வளையமாக இருந்தால், கல்லுக்கும் உலோகக் கிண்ணத்துக்கும் இடையில் சந்தனமும் குங்குமமும் முகப்பூச்சும் அடைத்த அழுக்காக இருக்கலாம். உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டி எடுங்கள், போனால் பிழைத்தது. விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வேர் போல் பரவியிருந்தால் ஈரம் உள்ளே போய்விட்டது. நடுவில் தனிப் புள்ளியாக இருந்தால், ஒட்டும்போதோ கிண்ணத்தில் பதிக்கும்போதோ முதுகில் கீறல் விழுந்திருக்கிறது. பச்சை நிறம் தெரிந்தால் செம்பு அரிக்கத் தொடங்கியாயிற்று.

தட்டையான முதுகுள்ள துணிக்கல்லாக இருந்தால் அதைக் காப்பாற்ற வழியில்லை. கல்லை மாற்றத்தான் வேண்டும். முதுகைச் சுரண்டி வெள்ளி வண்ணம் பூசலாம் என்று சிலர் சொல்வார்கள். வண்ணத்தில் இருப்பது தூள். தூள் ஒளியைச் சிதறடிக்குமே தவிரக் கண்ணாடிபோல் திருப்பாது. கல் சாம்பல் நிறமாகத்தான் தெரியும்.

வடசேரிக் கோயில் நகையில் கதை வேறு, நல்லவிதமாக வேறு. அங்கே கெம்பும் பச்சையும் கட்டும்போது கல்லுக்கு அடியில் தனியாகப் பளபளப்புத் தாள் வைக்கிறார்கள். கல் கெடுவதில்லை, தாள்தான் கெடுகிறது. அடியிலிருக்கும் அரக்கு வெடித்தால், அல்லது கல்லைப் பிடித்த உலோக விளிம்பு தளர்ந்தால் ஈரம் புகும். கல் கட்டும் ஆசாரியிடம் கொடுத்தால் கல்லை எடுத்து, குழியைத் துடைத்து உலர்த்தி, புதுத் தாள் வைத்து மறுபடி கட்டித் தருவார். முப்பது நாற்பது ஆண்டுப் பழைய ஒட்டியாணம்கூட இதனால் மறுவாழ்வு பெறுகிறது. இந்த நகைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது பெருமைதான். ஆனால் பிரித்துப் பழுதுபார்க்க முடிகிற கட்டுமானம் அதைவிடப் பெரிய பெருமை என்று நான் நினைக்கிறேன். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: வீட்டில் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டுக் கொண்டுவராதீர்கள். அரக்குக்கு அடியில் நின்ற நீர் வாரக்கணக்கில் வெளியேறாது.

ஆடி முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி, விசிறிக் காற்றில் ஓர் இரவு வைத்து, அதன் பிறகே பெட்டியில் மூடுங்கள். வாசனைத் திரவியமும் முடியில் அடிக்கும் தெளிப்பானும் நகை போடுமுன் பயன்படுத்த வேண்டியவை. போட்ட பின் அல்ல.

அறிகுறி: கல் உதிர்கிறது

பசை சரியில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அவசரப்படாமல் உதிர்ந்த கல்லையும் அது இருந்த இடத்தையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

கல் தெளிந்த கண்ணாடியாக வந்து, வெள்ளிப் பூச்சு மட்டும் துணியிலேயே தங்கியிருக்கிறதா? பசையின் பிடி உறுதியாகவே இருந்தது. பூச்சுதான் கண்ணாடியை விட்டது. ஈரம் புகுந்த கல்லிலும் மலிவான பூச்சுள்ள கல்லிலும் இது நடக்கும். பசையை மாற்றிப் பயனில்லை, கல்லை மாற்றுங்கள்.

பசை முழுவதும் கல்லோடு வந்துவிட்டதா? துணி பசையை ஏற்கவில்லை. புதுத் துணியில் கஞ்சியும் மெருகுப் பூச்சும் இருக்கும். அதன்மேல் ஒட்டினால் அந்தப் பூச்சோடு கல் உரிந்து வரும். துவைக்கக்கூடிய துணியானால் ஒருமுறை அலசிக் காயவைத்து ஒட்டுங்கள். பட்டில் அது முடியாது. எனவே பட்டுக்குக் கிண்ணத்தில் பதித்துத் தைக்கும் கல்லே ஏற்றது.

பசை துணியில் கல்லின் அச்சோடு தங்கி, கல்லின் முதுகும் பழுதில்லாமல் இருக்கிறதா? ஒட்டும்போது பசை மேற்பரப்பில் ஆடை கட்டியிருந்தது, அல்லது விரலின் எண்ணெய் கல்லின் முதுகில் பட்டிருந்தது. கல்லை விரலால் எடுக்காமல் மெழுகு நுனிக் குச்சியாலோ சாமணத்தாலோ எடுங்கள். பசையைப் பத்துக் கல்லுக்கு மொத்தமாக வைக்காமல் இரண்டு மூன்று கல்லுக்கு மட்டும் வையுங்கள். கல்லை வைத்து அழுத்தும்போது சுற்றிலும் மயிரிழை அளவு பசை வெளியே தெரிய வேண்டும்; அந்த விளிம்புதான் கல்லைப் பிடித்துக்கொள்கிறது. கைவினைக் கடைகளில் கிடைக்கும் பி-7000 போன்ற பசைகள் தொட்டால் ஒட்டாத நிலைக்கு விரைவில் வந்துவிடும். ஆனால் முழுப் பிடிப்புக்கு ஒருநாள், மழைக்காலத்தில் இரண்டு நாள் விட வேண்டும். காலையில் ஒட்டி மாலையில் மேடையேறினால் கல் மேடையிலேயே உதிரும்.

அறிகுறி: இஸ்திரி வைத்து ஒட்டும் கல் பிடிக்கவில்லை

இந்தக் கற்களின் முதுகில் சூட்டில் இளகும் பசை ஏற்கெனவே இருக்கும். பசை இருக்கும் இடத்தில் ஏறத்தாழ 120 முதல் 170 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். கல்லின் மேல் வைத்த இஸ்திரிப் பெட்டியின் சூடு கண்ணாடியைத் தாண்டி அடிக்குப் போக நேரமாகும். கண்ணாடி சூட்டை மெதுவாகக் கடத்துவது. பெரிய கல்லுக்கு இன்னும் தாமதம். எஸ்எஸ் 16 அளவு, அதாவது சுமார் 4 மில்லிமீட்டர் கல் எளிதில் ஒட்டும். 6 மில்லிமீட்டரைத் தாண்டும் எஸ்எஸ் 30 கல்லுக்கு மேலே அழுத்தி ஒட்டிய பின், துணியைத் திருப்பி உட்புறத்திலிருந்தும் சூடு கொடுங்கள். நீராவி வேண்டாம். இழுத்துத் தேய்க்காமல் வைத்து அழுத்தி எடுங்கள். ஆறும்வரை கல்லைத் தொடாதீர்கள்.

எல்லைப் பகுதியில் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாலராமபுரம் கைத்தறிக்குப் பெயர்பெற்றது. ஆனால் கடையில் கசவு என்று கிடைப்பதெல்லாம் அசல் சரிகை அல்ல. நெகிழிப் படலத்தில் உலோகம் பூசிய சரிகைதான் மலிவு விலைச் சேலைகளில் வருகிறது. அந்தக் கரையில் சூடு வைத்தால் சரிகை சுருங்கிச் சேலையே பாழாகும். கரையிலிருந்து உதிர்ந்த ஓர் இழையைச் சுடரில் காட்டிப் பாருங்கள். உருகிக் குண்டாகச் சுருண்டால் நெகிழி. அங்கே கல் தைக்கத்தான் வேண்டும்.

அறிகுறி: கல்லின் மேல் வெண்புகை படிந்ததுபோல் இருக்கிறது

ஒட்டிய மறுநாளே தெரிந்தால், சில நொடியில் பிடிக்கும் பசையைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். அந்தப் பசையின் ஆவி ஈரக்காற்றில் வெண்பொடியாகப் பக்கத்தில் படியும். நம் ஊர்க் காற்றில் கூடுதலாகவே படியும். உருப்பெருக்கியில் பார்த்து, கல் கண்ணாடிதான் என்று உறுதியான பிறகு, பஞ்சு நுனியில் மிகக் கொஞ்சம் அசிட்டோன் தொட்டு முகத்தை மட்டும் துடையுங்கள். விளிம்பைத் தாண்டி ஒழுகினால் முதுகு வார்னிஷையும் கரைத்துவிடும். அக்ரிலிக் கல்லில் இது கூடவே கூடாது. சில நொடியில் பிடிக்கும் பசையின் பிடிப்பும் கெட்டியாகி நொறுங்கும் தன்மை கொண்டது. துணி மடங்கும் இடத்துக்கு அந்தப் பசை எவ்வகையிலும் பொருந்தாது.

அறிகுறி: வானவில் நிறம் போய்விட்டது

கல்லைச் சாய்த்தால் நீலமும் இளஞ்சிவப்பும் பச்சையும் மாறி மாறித் தெரியும் வகை ஒன்று உண்டு. கடைகளில் ஏபி கல் என்பார்கள். வெற்றிடக் கலத்துக்குள் உலோக ஆவியைக் கல்லின்மேல் மிக மெல்லிய படலமாகப் படியவைத்துச் செய்வது. பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்தியான் டியோரோடு சேர்ந்து ஸ்வரோவ்ஸ்கி நிறுவனம் இதைக் கொண்டுவந்தது 1956-இல். நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த அதே ஆண்டு. முதுகைவிட முகத்தை முதலில் பார்க்க வேண்டிய கோளாறு இது. படலம் தேய்ந்தால் நிறம் திரும்பாது. மெருகுப் பொடி போட்டால் மீதமிருப்பதும் போகும். பற்பசையால் தேய்க்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள். பற்பசையில் இருப்பது அரைக்கும் பொடி. கை அடிக்கடி உரசும் இடங்களில், முன்கை ஓரத்திலும் இடுப்பிலும், படலமில்லாத தெளிந்த கல்லையே வையுங்கள்.

அறிகுறி: கல் தானாகவே விரிசல் விட்டது

உருகிய கண்ணாடி அவசரமாக ஆறினால் வெளிப்புறம் முதலில் இறுகி, உள்ளே இழுவிசை தங்கிவிடும். அதைப் போக்கத்தான் தொழிற்சாலைகளில் சூளையில் வைத்து மெல்ல மெல்ல ஆறவிடுகிறார்கள். அந்த வேலையில் சுருக்குவழி பார்த்த கண்ணாடி மாதங்கள் கழித்து ஒரு சிறு தட்டலில் பிளக்கும். தொங்கு விளக்கின் தட்டையான பெரிய துண்டுகளில் இதை வீட்டிலேயே சோதிக்கலாம். மடிக்கணினியின் எல்சிடி திரையை வெள்ளையாக்குங்கள். போலராய்டு கறுப்புக் கண்ணாடியைத் திரைக்கு முன் பிடித்துத் திரை இருளும்வரை சுழற்றுங்கள். நடுவில் கண்ணாடித் துண்டைப் பிடியுங்கள். இருட்டிலேயே இருந்தால் நல்லது. துளையைச் சுற்றிப் பளிச்சென்று வெளிச்சத் திட்டுகள் தெரிந்தால் அங்கே இழுவிசை இருக்கிறது. அதைத் தலைக்கு மேலே தொங்கவிடாதீர்கள்.

அறிகுறி: சரவிளக்கு நிறம் சிந்தவில்லை

இங்கே முதுகுப் பூச்சு கிடையாது. இருபுறமும் திறந்த கண்ணாடி. ஆனாலும் முதுகின் விதி மாறவில்லை. வெறும் கண்ணாடிப் பட்டையில் ஒளி திரும்ப வேண்டுமானால் அதன் பின்னால் காற்று இருக்க வேண்டும். நீர்த்துளி படிந்தால் 41 டிகிரி என்ற எல்லை 61 ஆகிவிடும். எண்ணெய்ப் படலத்தில் இன்னும் கூடும். விளக்குப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த தேவாலயச் சரவிளக்கும், ஊதுபத்திப் புகை தினமும் ஏறும் கூடத்து விளக்கும் கண்ணாடி நன்றாக இருந்தும் குருடாகிப் போவது இதனால்தான்.

ஆனால் கழுவுமுன் விளக்கைப் பாருங்கள். அண்மையில் பல்பை மாற்றினீர்களா? பால்வெள்ளை மூடியுள்ள எல்இடி பல்பு தன் முழுப் பரப்பிலிருந்தும் ஒளி விடும். பிரிந்த நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெள்ளையாகவே கலந்துவிடும். நிறம் தனித்துத் தெரியச் சிறிய, கூர்மையான ஒளிமூலம் வேண்டும். தெளிந்த கண்ணாடிக்குள் இழை தெரியும் எல்இடி பல்பு போட்டுப் பாருங்கள். பல விளக்குகள் கழுவாமலேயே உயிர் பெறும்.

கண்ணாடி வகையும் ஒரு காரணம். 1674-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் காப்புரிமை பெற்ற கண்ணாடியிலிருந்து வளர்ந்ததுதான் ஈயக் கண்ணாடி. ஈய ஆக்ஸைடு ஒளிவிலகலையும் நிறப்பிரிவையும் கூட்டும். சாணைக்கும் இளகிக் கொடுக்கும். 1969-இல் ஐரோப்பிய விதி 24 சதவீதத்தை ஈயப் படிகத்துக்கும் 30 சதவீதத்தை முழு ஈயப் படிகத்துக்கும் எல்லையாக வைத்தது. உங்களிடம் இருப்பது எது என்று அறிய, துண்டை நகைத் தராசில் உலர்வாக எடை போடுங்கள். பிறகு நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு எடை போடுங்கள். உலர் எடையை இரண்டு எடைகளின் வித்தியாசத்தால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 2.5 அளவில் வந்தால் சாதாரணக் கண்ணாடி, 2.9-க்கு மேல் ஈயக் கண்ணாடியாக இருக்க வாய்ப்பு அதிகம், 1.2 என்றால் அக்ரிலிக். ஈயமில்லாத நல்ல கற்களும் இப்போது உண்டு. ஸ்வரோவ்ஸ்கி 2012-இல் ஈயமற்ற கலவையைக் கொண்டுவந்தது. பழைய ஈயக் கண்ணாடியைக் குழந்தைகள் வாயில் வைக்க விடாதீர்கள். உடைந்த விளிம்பை வீட்டில் உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள்.

கழுவுவதென்றால் இந்த வரிசை:

1. மெயின் சுவிட்சை அணையுங்கள். பிரிக்குமுன் நாலாபுறமும் படம் எடுங்கள். எந்தத் துண்டு எந்த வளையத்தில் என்பது நினைவில் நிற்காது.
2. தூசியைத் துடைக்காமல் தூரிகையால் உதறுங்கள். தூசியிலுள்ள மணல் கண்ணாடியைவிடக் கடினம். உலர்துணியால் தேய்த்தால் கீறும்.
3. காய்ச்சி வடித்த நீர் மூன்று பங்கு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு. துணியில் நனைத்துத் துண்டு துண்டாகத் துடையுங்கள். விளக்கின்மேல் நேராகத் தெளித்தால் ஹோல்டருக்குள் இறங்கும்.
4. பருத்திக் கையுறையோடு உலரத் துடைத்து மாட்டுங்கள். கோக்கும் கம்பி பித்தளையாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்கட்டும். இரும்புக் கம்பியின் துரு துளையில் இறங்கிக் கறையாகும், நாளடைவில் கம்பியே அறுந்து துண்டு விழும்.

கழுவிய பின்னும் வெண்படலம் நிற்கிறதா? ஆழ்துளைக் கிணற்று நீரில் கழுவியிருந்தால் அது சுண்ணாம்புக் கறை. ஒரு துண்டில் மட்டும், உலோகத்தில் படாமல், நீர்த்த வினிகரை ஒற்றி உடனே நல்ல நீரில் அலசுங்கள். படலம் போனால் மற்றவற்றுக்கும் அதையே செய்யுங்கள். ஈயக் கண்ணாடியை வினிகரில் ஊறவைக்க வேண்டாம். போகவில்லையென்றால் பல்லாண்டு ஈரத்தில் கண்ணாடியிலுள்ள காரம் வெளியேறி மேற்பரப்பே அரிக்கப்பட்டிருக்கிறது. சாணையில் போட்டுப் பட்டைகளை மீண்டும் மெருகேற்றுவது ஒன்றே வழி. செலவு புதுத் துண்டின் விலையைத் தாண்டும். விலைமதிக்க முடியாத பழைய விளக்கானால் அந்தத் துண்டுகளை மேல்வளையத்தின் உட்பக்கத்துக்கு மாற்றிவிட்டு, கண் மட்டத்துக்கு நெருங்கிய கீழ்வளையத்தில் தெளிந்த துண்டுகளைக் கோத்துவிடுங்கள்.